நானூறு கிராம்

கார் பந்தயம் ஓட்டுகிறவன் மாதத்தில் இருபது நிமிடம் கார் ஓட்டிவிட்டு, மீதி நாட்களில் அதைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். நான் பதினொரு வருடம் விளக்கினேன். இப்போது திருச்செங்கோட்டில் அப்பாவின் போர்வெல் ரிக் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பெண் பார்த்தது

புதுச்சத்திரத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா முட்டைப் பண்ணை வைத்திருந்தார். என்ன வேலை என்று கேட்டதும் "கார் ஓட்டறேங்க" என்றேன். "யாருகிட்டீங்க?" என்றார். கோயம்புத்தூரில் ஒரு டீமில் என்றேன். அவர் டிராவல்ஸ் கம்பெனி என்று எடுத்துக்கொண்டு, சொந்த வண்டி எப்போது போடுவதாக உத்தேசம் என்று விசாரித்தார்.

அப்பா குறுக்கிட்டு, ரேஸ் என்றார். எங்கிருந்து எங்கே ஓட்டுவீர்கள் என்று கேள்வி வந்தது. ஒரே பாதையில் பதினைந்து சுற்று என்று சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெளம்புன எடத்துக்கே வந்து சேர்றதுக்கு எதுக்குங்க அத்தன அவசரம்?"

பட்டினி

காரும் ஓட்டுபவனும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது என்று எங்கள் பந்தயத்தில் விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் ஹெல்மெட்டோடு காரில் உட்கார்ந்தபடியே எடை மேடையில் ஏற வேண்டும். குறைந்தால் தகுதி நீக்கம். கூடினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நேரத்தைத் தின்னும். அதனால் ஓட்டுகிறவன் இளைப்பான். எடை போதாவிட்டால் இருக்கைக்கு அடியில் ஈயத் தகடு வைத்து முடுக்கிச் சரிக்கட்டுவார்கள்.

ஒரு வருடம் நான் ஒன்பது கிலோ இளைத்தேன். ஜேடர்பாளையத்தில் அத்தை வீட்டு விருந்தில் எல்லோரும் ஆற்று மீன் சாப்பிட, நான் வெள்ளரிக்காய் சாப்பிட்டேன். அம்மா பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கோழி எடை கொறஞ்சா டாக்டரக் கூப்புடறோம். நீ எடை கொறஞ்சா கப்பு குடுக்கறாங்களா சாமி?"

சாக்பீஸ்

என் காரைப் பார்த்துக்கொண்டவர் ஆரோக்கியண்ணா. சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிறு காலை சர்ச் பூசையைப் பந்தயத்துக்காக விட்டுவிடுகிறார் என்று வீட்டில் அவருக்குத் தீராத சண்டை இருந்தது. முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கோடு இல்லாத நட்டு ஒன்று இருந்தால் காரைக் கொட்டகையிலிருந்து நகர்த்த விட மாட்டார்.

முதல் வருடம் அவரிடம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் கோடு போட்ட நட்டு கழண்டுச்சுன்னா போன் பண்ணாதீங்க தம்பி, நேரா வீட்டுக்கு வந்து அறைங்க."

ஒரு தகடு

நான் இளைத்த அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். முதலாவதாக வருகிறவனுக்கு அடுத்த வருடம் வெளிநாட்டில் ஓட்ட இடம் தருவதாக டீம் முதலாளி சொல்லியிருந்தார். காலையில் ஆரோக்கியண்ணாவிடம், ஈயத்தில் ஒரு கிலோ தகடு ஒன்றைக் கழற்றச் சொன்னேன். முடியாது என்றார். பெட்ரோல் எரியும், டயர் தேயும், எடை மேடையில் மாட்டிக்கொள்வோம் என்றார். டயரில் ரப்பர் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

இது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது. ஓடுகிற டயரிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்குகள் பாதையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும். பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பி வருகிற சுற்றில் அந்த ஓரமாகவே ஓட்டினால், சூடான டயரில் அவை அப்பிக்கொள்ளும். ஒரு கிலோவாவது கூடும். விதியில் இதற்குத் தடை இல்லை. அவர் ஸ்பேனரை எடுத்தார்.

"தோத்தா உங்களுக்கு ஞாபகம் இருக்கும் தம்பி. ஜெயிச்சாத்தான் மறந்துருவீங்க."

ஜெயித்தேன்

அப்பா அன்றுதான் முதல் முறையாகப் பந்தயம் பார்க்க வந்திருந்தார். கொடி விழுந்ததும் கம்பி வேலிக்குப் பின்னால் அவர் துண்டைச் சுழற்றுவது தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையைத் திரும்பி வருகிற சுற்று முழுவதும் இறக்கவில்லை. வழக்கமாக ஓட்டுகிற, பெருக்கிவிட்டதுபோல் சுத்தமான தடத்திலேயே வந்து சேர்ந்தேன். டயர்கள் வழவழவென்று இருந்தன.

எடை மேடையில் எண் நின்றபோதுதான் எனக்கு ரப்பர் நினைவு வந்தது. நானூறு கிராம் குறைவு. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கெஞ்சினேன். போட்டார்கள். அதே எண். வேலியைச் சுற்றி வந்து சேர்ந்த அப்பாவிடம், எவ்வளவு குறைச்சல் என்று சொன்னேன். அவர் சிரித்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தார்.

"எட்டு முட்டை எடைதான் அது. அதுக்குப் போயி ஜெயிச்சவன எறக்கியுடுவாங்களா?"

கொட்டகை

முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "தகட்டைக் கழற்றச் சொன்னது யாரு?" அவர் சத்தம் போடவில்லை. நான் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். அதன் கண்ணாடியில் ஒரு பூச்சி நசுங்கி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன். சுரண்டி முடிப்பதற்குள் ஆரோக்கியண்ணா, "என் கணக்குத் தப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய டூல்ஸ் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ரெண்டு பேரும் போயிட்டா வண்டிய யாரு தம்பி ஓட்டறது?"

மறு வருடம்

ஜெயிக்காவிட்டாலும் வெளிநாட்டு இடத்தை எனக்கே கொடுத்தார்கள். பாதையில் வேகமானவன் நான்தான், தவறு மெக்கானிக்குடையது என்று டீம் முடிவு செய்திருந்தது. புது மெக்கானிக் கெட்டிக்காரர். நட்டுகளில் கோடு மட்டும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடித்தேன், பின்தங்கினேன். காருக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான்காவது பந்தயத்துக்குப் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அந்த ஆளுக்குப் பதிலா உன்னத்தான்யா வெளிய அனுப்பியிருக்கணும்."

கம்ப்ரசர்

எடை போடத் தெரியாத மெக்கானிக் என்று பெயர் எடுத்த பிறகு ஆரோக்கியண்ணாவை எந்த டீமும் சேர்க்கவில்லை. நானும் அந்த வருடத்தோடு ஓட்டுவதை விட்டு ஊர் திரும்பிவிட்டேன். போன மாதம் எங்கள் ரிக் வண்டியின் கம்ப்ரசர் நின்றுபோனது. டிரைவர் சொன்ன பட்டறைக்குப் போனேன். கம்ப்ரசர்களுக்கு நடுவே, நட்டுகளில் கோடு போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க தம்பி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். "அந்தக் கணக்கு மட்டும் தப்பாம இருந்தா இவரு இன்னும் உங்ககூடத்தான் இருந்திருப்பாரு" என்று என்னிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். ஆரோக்கியண்ணா வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்குத் தப்பு என்னுடையது, நான் பேசாமல் நின்றிருக்கக் கூடாது என்றேன். இரண்டு வாக்கியம்தான். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"அத எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

எழுந்து உள்ளே போய் முதலில் அவர் மனைவியிடம் சொன்னேன், வந்து முதலாளிக்குப் போன் செய்தேன், இப்போது உங்களிடம் சொல்கிறேன். வேகமாகப் போகிறவன் என்பதற்காகவே சம்பளம் வாங்கிய எனக்கு இதற்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.