பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய்?

காலமான என் கணவர் விட்டுப்போன புல் வெட்டும் மெஷினைக் கட்டிப்பிடித்து நான் அழுவதாக நம் தாமான் குடியிருப்பின் இந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார்கள். தவறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அது புல்தரையின் ஓரத்தை நேராக வெட்டும் பழைய பெட்ரோல் மெஷின். அவர் கடைசியாக ஊற்றிய பெட்ரோல் கோப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. வடித்துக் கொட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. கார்புரேட்டரைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன்.

இன்று காலை சுங்கை வேயில் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரரிடம், பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அகாக்-அகாக் ஊத்துங்க ஆன்டி."

"குத்துமதிப்பாக நான் ரசத்துக்கு உப்புக்கூடப் போடுவதில்லை."

"எண்ண கொறஞ்சா இன்ஜின் இறுகிடும், கூடுனா பொகதான். அங்கிள் எப்படிக் கலந்தாரு?"

மினரல் பாட்டிலில் கண்ணளவாகக் கலப்பார். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப பேட்டரி மெஷின் வாங்கிடுங்க லா."

"அதை நான் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இருப்பது ஒரே இன்ஜின். தப்பாகக் கலந்து பழக முடியாது. மெஷினின் படம் கீழே. இதே மெஷினின் கையேடு யாரிடமாவது இருக்கும்.

போன் வேண்டாம். போனில் எல்லாரும் நான் எப்படி இருக்கிறேன் என்றுதான் கேட்கிறார்கள். கையேட்டில் உள்ள அளவை இங்கே எழுதுங்கள்.