சூடான மழையில் நனைந்தவன்

ஆலப்புழையிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது நான் குன்னூர் மார்க்கெட்டில் கேரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். படகுத்துறையில் டீக்கடை வைத்திருக்கும் வர்கீஸ்தான் பேசினார். "சாரே, நம்ம தாமு அண்ணன் போயி. காலையில சாயா கொண்டுபோனப்ப படகுலயே, உறங்குற மாதிரி கெடந்தாரு." எனக்கு உடனே அழுகை வரவில்லை. பாவி, கடைசிவரை படகிலேயே இருந்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

நம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தாமோதரனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவன் டீ மேக்கர், இலை தூளாகும் பக்குவத்தைப் பார்ப்பவன்; நான் ஆபீஸ் கிளார்க். பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குச் சரோஜாவும் இரண்டு பெண்களும். தேயிலை விலை விழுந்த வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தொழிற்சாலை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது, பிறகு பூட்டு விழுந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்த வெளிநாட்டுத் தம்பதி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். கொச்சியில் ஒரு பாய்மரப் படகை நிறுத்தி அதிலேயே குடியிருப்பவர்கள். தாமோதரன் போட்டுக்கொடுத்த டீ அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பூட்டு விழுந்த சேதி தெரிந்ததும் போன் செய்தார்கள். கணவருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்வரும்வரை படகில் தங்கிப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர். அழைப்பு எனக்கும் சேர்த்துத்தான். அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும்.

இருவரும்தான் இறங்கிப் போனோம். தம்பதி கிளம்பிய அன்று தாமோதரன் படகைத் துறையில் கட்டினான். பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் மூட்டை சரியாமலிருக்க டீ லாரிக்குக் கயிறு இழுத்துக் கட்டுவோமே, அந்தக் கட்டு. மத்தியானம் கடல் வற்ற, துறைத் தண்ணீரும் கூடவே இறங்கியது. கயிறு விடவில்லை. படகு ஒரு பக்கமாகத் தூக்கில் தொங்கியது. அடுப்பு, பாத்திரம், என் பை எல்லாம் ஒரே மூலைக்குச் சரிந்தன.

"இதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா, மேல போயிரலாம்" என்றேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

அவனோ சாய்ந்த பலகையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பைக்காரா ஏரியில தண்ணி இருந்த எடத்துலயே இருக்கும்ப்பா. இது ஏறும், எறங்கும். கயித்தக் கொஞ்சம் தளத்தி உட்டாப் போச்சு."

அந்த வாரமே நான் பஸ் ஏறினேன். "சரோஜா உடமாட்டாப்பா" என்றேன். கேட்காமலே எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வற்புறுத்தவில்லை. நான் கிளம்பும்போது, டீ ருசி பார்க்கும் கரண்டியால் தண்ணீரை மொண்டு சர்ரென்று உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தான். உப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறானாம்.

அந்தத் தம்பதி திரும்பி வரவில்லை. படகை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் கரையில் வாழும் மனிதனாகவே இல்லை. மங்களூர் என்பான், கார்வார் என்பான், கோவா என்பான். மழைக்காலம் வருமுன் ஏதாவது ஆற்றுக்குள் நுழைந்துகொள்வான். பயணிகளை ஏற்றி நாலு காசு பார்ப்பான். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜூலை மாதம், அடுப்புக்கு மேலே ஈர சாக்ஸைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தான். "இங்கயும் மழைதாம்ப்பா. ஆனா சூடான மழை." அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒருமுறை படகின் பாய் கிழிந்துபோய், அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். கடற்கரை முழுக்கத் தைக்க ஆளில்லையா என்று கேட்டேன். "அம்மிணி தையல் மாதர வராதுப்பா" என்றான். சரோஜா ப்ளவுஸ் தைக்கும் மெஷினில் அந்தப் பாயைத் தைத்தாள். அறை கொள்ளாமல் அது ஜன்னல் வழியாக வெளியே போய் ரோஜாச் செடிகள் மேல் கிடந்தது. வீட்டில் என்ன விசேஷம் என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆற்று முகத்தில் எந்தப் பக்கக் காற்று அடிக்கும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். அவள் மெஷினை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டுக் கேட்டாள். டீ மேக்கர் அவன். அன்றைக்கெல்லாம் டீ போட்டது நான். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கேட்ட விதத்துக்கா, அவன் போன இடங்களுக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செய்தி வந்த அன்று, நான் மட்டும் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் அதற்குள் தன் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நான் தெச்ச பாயி காத்துல நிமுந்து நிக்கறத ஒரு நாளாச்சும் பாத்திருக்கறனா?"

நான் பஸ் நேரம் பார்ப்பதுபோல் கடிகாரத்தின் பக்கம் திரும்பினேன்.

"நான் உடமாட்டேன்னு சொல்லீட்டு வந்தீங்களாமா. தாமு அண்ணன் பாயி தெக்க வந்தப்பவே சொன்னாரு. எங்கிட்ட எப்பங்க கேட்டீங்க? கேட்டிருந்தா நானும் புள்ளைகளும் கூடவே வந்திருப்பமே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். இத்தனை வருடமும் இதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

தாமோதரனின் ருசிக் கரண்டியை வர்கீஸ் வைத்துக்கொள்ளட்டும். படகை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அவன் மேல் எனக்கிருந்த பொறாமையை மட்டும் நான் யாருக்கும் தருவதாக இல்லை. அவன் செத்தும் அது குறையவில்லை. ஆனால் அது என்னுடையது மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரோஜாவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது, அதுதான் தாங்கவில்லை.

பழக்கதோஷத்தில் இரண்டு ஸ்வெட்டர்களைப் பைக்குள் வைத்தேன். சரோஜா அவற்றை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

"அங்க சூடான மழைங்க" என்றாள்.