துளசிராம் இருமுறை பிரித்த கியர்ப்பெட்டி

தன் பிழையைப் பிறர் காணுமுன் தானே கண்டு சொல்லுதல் அரிய அறம். பிறர் குற்றத்தை எடுத்துரைக்க ஊரே முன்வரும். தன் குற்றம் என்று வரும்போது நா எழுவதில்லை. அவ்வாறு நா எழுந்த ஒருவரை அறிவேன். பழங்காநத்தத்தில் கார்ப் பட்டறை நடத்தும் துளசிராம் அவர்.

சௌராஷ்டிர நெசவுக் குடியில் பிறந்தவர். தறியில் அமர மனம் கொள்ளாமல் இருபது வயதில் இயந்திரத் தொழிலுக்கு வந்தார். வீட்டில் தறியைக் காப்பவர் மனைவி ராதாமணி.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாதத்தில், கே.கே. நகர் ஆசிரியை பாக்கியமேரியின் கார் அவரிடம் வந்தது. பாக்கியமேரிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பிப்போயிற்று. கிளட்ச் மிதிக்க இடக்கால் வேண்டும். ஆதலால் பிறர் ஓட்டும் சாதாரண கியர்க் கார் அவருக்கு ஆகாது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய அண்ணன் கொண்டுவந்து கொடுத்த ஜப்பானியக் காரில் கியர் தானே மாறும். அதைத்தான் அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவந்தார்.

அவ்வாண்டு திருவாதவூருக்கு அருகில் உள்ள ஒரு மிஷன் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை ஆனார். "கால் முடியாதவங்க தெனமும் அம்புட்டு தூரம் எப்படி வருவாங்க?" என்று பள்ளிக் குழு உறுப்பினர் லாசர் கூட்டத்தில் கேட்டார். "என் கார்ல, நானே ஓட்டிக்கிட்டு வருவேன்" என்று பாக்கியமேரி விடை சொன்னார்.

சொன்ன பத்தாம் நாள் கார் இளைத்தது. எஞ்சின் உறுமும், சக்கரமோ ஊரும். கியர்ப்பெட்டியின் எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தது. இரண்டு பட்டறைக்காரர்கள் சாதாரண கியர்ப்பெட்டியாக மாற்றிவிடச் சொன்னார்கள். மாற்றினால் கார் ஓடும்; அவரால் ஓட்ட இயலாது. ஜூன் இரண்டாம் நாள், திங்கட்கிழமை, பள்ளித் திறப்பு.

லாசர் கேட்டதை ஆசிரியை சொல்லக் கேட்ட துளசிராம் ஒருவரே, "இதையே சரிபண்ணித் தாரேன் டீச்சர்" என்றார். மூன்று வாரம் உழைத்தார். சென்னையிலிருந்து கியரைப் பற்றும் புதிய தகடுகளும் சீல்களும் வருவித்து, தகடுகளை ஒரு முழு நாள் எண்ணெயில் ஊறவைத்து அடுக்கினார். சனிக்கிழமை காலையில் பாக்கியமேரி ஓட்ட, அவர் அருகில் அமர, இருவரும் ஒத்தக்கடை வரை சென்று திரும்பினர். ஆசிரியையின் முகம் மலர்ந்திருந்தது. துளசிராமின் முகம் மலரவில்லை. எண்ணெய் சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுமிடத்தில் கார் ஒரு கணம் தயங்கியதை அவர் உணர்ந்தார்.

பக்கத்து லேத் பட்டறை வெள்ளைத்துரை சிரித்தார். "குடுத்து அனுப்புங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் அந்தத் தயக்கம் ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே மாப்ள" என்ற துளசிராம், காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தட்டைக் கழற்றினார். கியரை மாற்றும் எண்ணெய் ஓடுகின்ற, எறும்புப் புற்றுப் போன்ற நுண்வழிகள் கொண்ட வால்வுப் பகுதியைப் பிரித்தார். சிறு வால்வு ஒன்றில் இரண்டு நூலிழைகள் சிக்கியிருந்தன.

எங்கிருந்து வந்தவை என்று அவர் பிறரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தறியில் மிஞ்சும் கழிவு நூலைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வந்து கையும் கருவியும் துடைப்பது அவரது பழக்கம். சாதாரண கியர்ப்பெட்டியில் இழை விழுந்தாலும் பல்சக்கரம் அரைத்துத் தள்ளிவிடும். இங்கே ஓர் இழையும் வழியை அடைக்கும். அதை அறிந்திருந்தும், கை பழக்கத்தின்படி துடைத்திருந்தது. பெட்டி முழுவதையும் அந்த நூலாலேயே துடைத்திருந்ததால், முழுவதையும் மீண்டும் இறக்கிப் பிரிக்க வேண்டும்.

அன்று மாலையே கே.கே. நகர் சென்றார்.

"வண்டியத் திரும்பப் பிரிச்சுட்டேன் டீச்சர். திங்கக்கிழமைக்குத் தர முடியாது."

பாக்கியமேரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில நல்லாத்தானே ஓடுச்சு?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு நூலுக்காகவா?"

"பார்த்தது ரெண்டு. பார்க்காதது எம்புட்டுன்னு தெரியல. அப்படியே விட்டா ஆறு மாசத்துல புதுத் தகடும் கருகிரும். லாரி வர்ற ரோட்டுல நீங்க குறுக்க திரும்பறப்ப இழுக்காமப் போச்சுன்னா?"

"லாசர் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சும் நூலை விட்டீங்க."

துளசிராம், "என் மச்சான் காருல நானே கூட்டிக்கிட்டுப் போறேன். பின்னால ஒக்காந்து வாங்க" என்றார்.

"பின்னால ஒக்காரவா இம்புட்டுப் பாடு?" என்ற ஆசிரியை, கழற்றிய கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். பிறகு, "ஏழரைக்கு வாங்க. ஒரு நிமிஷம் தப்புனா ஆட்டோல போயிருவேன்" என்றார்.

திங்கள் காலை, பள்ளி வாயிலில் பெற்றோர் சிலரோடு லாசர் நின்றிருந்தார். "என்ன டீச்சர், மொத நாளே டிரைவரா?"

பாக்கியமேரி வாய் திறக்குமுன் துளசிராம் இறங்கி வந்தார். "ஐயா, டீச்சர் வண்டி நல்லா இருந்திருக்கும். கியர்ப்பெட்டியில நூலை விட்டுத் தப்புப் பண்ணது நான். பழங்காநத்தத்துல பட்டறை வச்சிருக்கேன்."

"ஏப்பா, நாலு பேரு முன்னால இப்படிச் சொன்னா ஒன் பட்டறைக்கு எவன் வண்டி விடுவான்?"

"விட்டா விடட்டும், விடாட்டிப் போகட்டுங்கய்யா. அவங்களால ஓட்ட முடியலன்னு யாரும் நினைச்சுரக் கூடாது."

லாசர் வாயிலை விட்டு ஒதுங்கினார். ஆசிரியை ஊன்றுகோலை ஊன்றி உள்ளே சென்றார். அந்த வாரமே இருவர் தங்கள் கார்களைத் துளசிராமிடமிருந்து வேறு பட்டறைக்குக் கொண்டுபோயினர் என்பதும் உண்மை.

அவர் ஒவ்வோர் உறுப்பையும் மீண்டும் கழுவி, காற்றடித்தே உலர்த்தி, துணியும் நூலும் தொடாமல் பூட்டினார். வியாழனன்று பாக்கியமேரி ஓட்ட, அவர் அருகில் அமர்ந்து வந்தார். ஒத்தக்கடையைக் கடந்து எண்ணெய் நன்றாகச் சூடேறியது.

"மூணாவது எப்ப விழும்?" என்று ஆசிரியை கேட்டார்.

"விழுந்து ரொம்ப நேரமாச்சு டீச்சர்."

"தெரியவே இல்லையே."

"தெரியக் கூடாது" என்றார் துளசிராம்.

கூடலழகர் திருவருள் அவர் மனையை நீங்காதிருப்பதாக. ராதாமணி நோயின்றி நெடிது வாழ்க; மகள் காவ்யஸ்ரீ கற்றுச் சிறக்க; அந்த மனையின் உலை ஒருநாளும் ஓயாது பொங்குக.