நான் எடுத்துவைத்த ஒரே துண்டு

செவ்வாய்க்கிழமை காலை கல்முனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணம் சொல்லும் ஜனாசா அறிவித்தல் வந்தபோது, பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. றிஸ்மியா அக்கா போய்விட்டார்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாலு நல்ல வார்த்தை எழுதித்தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் உங்களிடம் மறைத்த ஒன்றையும் சேர்த்துத்தான் எழுதுவேன். இனியும் அதை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பதினொரு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். சத்திரசிகிச்சை அறையிலிருந்து வரும் தசையைத் துண்டுகளாக எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவது எங்கள் வேலை. மார்புக் கட்டி என்றால் அக்கா நாலைந்து துண்டுக்குக் குறைய எடுக்க விடமாட்டார். "கட்டி சின்னன் எண்டு சந்தோசப்படாதீங்க. அது பரவப் போகுதா, இருந்த இடத்திலயே இரிக்கப் போகுதா எண்டு மார்க்கர்தான் சொல்லும். மார்க்கர் பாக்கத் துண்டு வேணும்" என்பார். மார்க்கர் என்பது புற்று எந்த வகை என்று காட்டும் சோதனை; கொழும்பிலிருந்து அந்த முடிவு வந்தால்தான் எந்த ஊசி, எந்த மாத்திரை என்று வைத்தியர் தீர்மானிக்க முடியும்.

உடம்பிலிருந்து வெட்டியெடுத்ததை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவது முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம். ஒருநாள் ஒலுவிலிலிருந்து வந்த ஒருவர், மனைவியின் மார்பை உடனே தரச்சொல்லி எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கா அசையவில்லை. "அடக்குறது உங்கட கடமை. அதுக்கு முதல் பாக்குறது எங்கட கடமை. ரெண்டுக்கும் நேரம் இரிக்கி. நாலு நாள் கழிச்சி வாங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். மனுசன் வந்த வழியே போனார். அன்று முழுக்க நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அதே அக்காவுக்கு, இரண்டரை வருடத்துக்கு முன், இடது மார்பில் பயற்றங்கொட்டை போல ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்த நாலு செல்லில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முதல்நாள் வார்டில் என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் கதைத்தார். "புள்ள, நான் நித்தம் வேல செய்யிற மேசையில என்ட உடம்பு கிடக்கக் கூடாது. அங்க ஆம்பிளையளும் இரிக்காங்க. நீ ஒரு துண்டு மட்டும் எடுத்திட்டு மிச்சத்த அண்டைக்கே அவருக்கிட்டக் குடுத்திரு."

நான் மறுத்திருக்க வேண்டும். வேறு சமயத்தவள் நான். அடக்குவதைத் தடுத்தேன் என்று அவர் மனம் நோகுமோ என்று பயந்தேன். அவர் வெட்கப்படுவதை என்னால் பார்க்கவும் முடியவில்லை. அடுத்தநாள் எங்கள் ஆய்வுகூட வைத்தியர் லீவு. யாருக்கும் காட்டாமல் கட்டியின் ஓரத்தில் ஒரேயொரு துண்டு எடுத்தேன். மிச்சத்தை அவருடைய கணவர் ஹனீபா காக்கா வாங்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்கியாயிற்று.

கக்கத்து நெறிக்கட்டிகள் தனிப் போத்தலில் வந்திருந்தன. அவற்றில் நோய் இல்லை. என் துண்டு, ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று சொல்ல மட்டும் போதுமாயிருந்தது. பன்னிரண்டாம் நாள் மார்க்கர் பார்க்கச் சீவியபோது, தசை தீர்ந்து மெழுகு மட்டும்தான் வந்தது. "துண்டு போதவில்லை" என்று பதிவில் எழுதினேன். ஏன் போதவில்லை என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. நோயாளி அக்கா, துண்டு எடுத்தது நான், யார் சந்தேகப்படுவார்கள்? மையவாடியைத் தோண்டலாமா என்று கேட்க ஹனீபா காக்காவின் கடைவாசல் வரைக்கும் போனேன். பன்னிரண்டு நாள் ஈரமண்ணுக்குள் கிடந்த தசையில் எதைப் பார்க்க முடியும்? கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஒரு வகைப் புற்றுக்கு மட்டும் கேட்கும் விலைகூடிய ஊசி ஒன்று உண்டு; மார்க்கர் தெரியாமல் அதைப் போட முடியாது என்றார் புற்றுநோய் வைத்தியர். கட்டி சின்னதுதானே என்று ஒரு மாத்திரையோடு விட்டார்கள். போன வருடம் நோய் ஈரலில் வந்தது. அங்கிருந்து எடுத்த துண்டை மார்க்கர் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினோம். அந்த ஊசி கேட்கும் வகைதான். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். ஊசி போட்டார்கள், பிந்திப் போட்டார்கள். முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அது எனக்கு ஆறுதல் இல்லை. 

கடைசியாகப் பார்த்தது போன வெள்ளிக்கிழமை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "செய்யக் கூடாத வேலைய உன்னச் செய்ய வெச்சன் புள்ள. எனக்கு ஹலாலாக்கித் தா. மன்னிச்சிட்டன் எண்டு வாயால சொல்லு" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவர் என்னிடம் கேட்கிறார். "என்னக்கா கதை இது? சுகமாகி வாங்க, பொறகு கதைப்பம்" என்றேன். ஈரல் அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் சொன்ன பொய் அது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு மன்னிப்புதான். செவ்வாய்க்கிழமை ஜனாசா வீட்டில் பெண்களுக்குள் நுழைந்து, குனிந்து, "மன்னிச்சிட்டன் அக்கா, நீங்களும் என்னை மன்னியுங்க" என்று சொன்னேன். அதற்குள் உடம்பைச் சுற்றிய கபன் துணி அவர் காதை மூடியிருந்தது.