லூர்துவின் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்: மண்ணாடிப்பட்டிலிருந்து பாகூர் வரை

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மண்ணாடிப்பட்டில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி லூர்துவும். என் மடியில் துண்டில் சுற்றிய டேப் ரிக்கார்டர். அவள் கைப்பையில் ஒரு கேசட். கரும்பு டிராக்டர்கள் வழி நெடுக நின்றதால் வில்லியனூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. நின்றுகொண்டே போனோம். கரும்பைத் தவிர வழியில் பார்க்க ஒன்றும் இல்லை.

எதற்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் செசிலி கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறாள். லூர்துவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் செசிலி கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புவாள். பிரான்சில் ஆள் உள்ள வீடுகளில் எல்லாம் இந்தப் பக்கம் இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த விஷக்காய்ச்சலில் லூர்துவின் இடது காது போய்விட்டது. வலது காதில் சத்தம் விழுகிறது, சொல் விழுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் காதில் ஊசி குத்துகிறது என்கிறாள். காதில் மாட்டுகிற மெஷினையும் வைத்துப் பார்த்தாள். இரைச்சல் தாங்காமல் கழற்றி வீசினாள். ஆகவே கேசட்டை நான் கேட்டு, அவள் வலது காதுக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்வேன்.

இப்போது செசிலி நாலு மாதம். கேசட் முழுக்க அம்மாவிடம் சந்தேகம் கேட்கிறாள். பெண்கள் சமாச்சாரம். அதை எல்லாம் என் வாயால் திருப்பிச் சொல்ல முடியாது. "ஏதோ கேக்குது" என்பேன். "ஏதோன்னா இன்னா?" என்று அவள் கேட்பாள். அதற்கு மேல் சண்டைதான். அந்தக் குளிர் தேசத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. டேப் ரிக்கார்டரில் இருக்கிற ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுகூட இல்லை. வெளியே மாட்டுகிற நல்ல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால் அவளே கேட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வில்லியனூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மைக்செட் கடை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிறவர். பெயர் தணிகாசலம். வீட்டுக்கும் ஸ்பீக்கர் விற்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார், தெருவைப் பார்த்து. அவருடைய மச்சானைக் கூப்பிட்டு, "டேய், சைக்கிள எடுத்துகினு ஏரிக்கரைக்குப் போடா. கேட்டா துண்ட ஆட்டு" என்றார்.

"ஏரிக்கரைக்கு எதுக்குப் போறாரு?" என்றேன்.

"பின்ன? எம்மாந்தூரம் கேக்குதுன்னு பாக்க வாணாமா? இந்தப் பொட்டி ஏரிக்கரை வரைக்கும் போவும் சார். அந்தாண்ட தெருவுல ஒரு கடை கீது, அவன் பொட்டி மாரியம்மன் கோயிலத் தாண்டாது."

"எங்களுக்கு ஏரிக்கரை வாணாம். ஒரு ரூம்புக்குள்ள கேட்டா போதும்."

"ஏரிக்கரையிலயே கேக்கறது ரூம்புல கேக்காதா? இன்னா பேசற நீ?"

இந்த ஊர்ப்பக்கம் ஸ்பீக்கர் என்றால் இதுதான் அளவு. எத்தனை வயல் தாண்டிக் கேட்டது என்பார்கள். என்ன கேட்டது என்று ஒருத்தனும் சொல்லமாட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கேசட்டை அவர் ஆம்ப்ளிபயரில் போட்டுத் திருகிவிட்டார். முதலில் வருகிற நலம் விசாரிப்பை மட்டும் போடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் கேட்டால்தானே. மச்சான் இன்னும் துண்டை ஆட்டவில்லை என்று ஓட விட்டுக்கொண்டே இருந்தார். லூர்து காதைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினாள். கடைத்தெரு முழுக்க என் மகளின் குரல்: "அம்மா, வாந்தி நிக்கவே மாட்டேங்குதும்மா. ராத்திரில காலு இழுக்குது. உனக்கும் இப்டித்தான் இருந்துச்சா?"

எதிரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் கடைக்குள் நின்ற லூர்துவிடம் வந்துவிட்டார்கள்.

"யார் பொண்ணுமா அது? எத்தினி மாசம்?"

"சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லு தாயீ."

"சீரகம் சூடுடி. நார்த்தங்கா ஊறுகா ஒரு துண்டு வாயில அடக்கிக்கச் சொல்லு."

"அந்த ஊர்ல நார்த்தங்காய்க்கு எங்கடி போவும் பாவம்?"

ஏரிக்கரையில் துண்டு ஆடியது. தணிகாசலத்துக்கு மகிழ்ச்சி. "பாத்தியா சார்?" என்றார். நான் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டேன். தெருவில் நடக்கும்போது லூர்து கேட்டாள், "அவளுங்க இன்னா சொன்னாளுங்க?" சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். "அப்ப எம் பொண்ணு கேட்டது ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. எனக்கு மட்டும் தெரியல." பஸ் நிலையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி தின்றோம். புளித்துப்போன இட்லி.

பத்து மணிக்கு மூலக்குளம். வில்லியனூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும், புதுவை போகும் சாலையில். எங்கே பார்த்தாலும் செங்கல், மணல், பாதி எழும்பிய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் ஜோடியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இடுப்பளவு உயரத்தில் இரண்டு பெட்டிகள். வேட்டியோடு ஒட்டாத ஒரு கோட்டுப் போட்டிருந்தார். முதலில் ஸ்பீக்கரைக் காட்டவில்லை. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையைக் காட்டினார். அதில் இந்த ஸ்பீக்கரைப் பற்றி இரண்டு பக்கம் விமர்சனம் எழுதியிருக்கிறார்களாம். அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். விரல் வைத்துப் படித்து, தமிழில் சொன்னார்.

"அடித்தொண்டை சத்தம் பூமிக்குள்ளேர்ந்து எழும்பி வருதுன்னு எழுதியிருக்கான். பாடறவன் எதிர்ல குந்திகினு பாடற மாதிரி கீதாம். விலைக்கு இதுக்கு மேல ஒண்ணும் கெடயாதாம்."

அந்த அறையில் ஒரே நாற்காலி. அதன் நாலு காலும் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்குமாம். என்னை உட்காரச் சொன்னார்.

"கேக்கப்போறது அவ. அவளக் குந்தச் சொல்லுங்க" என்றேன்.

"மதாமுக்கு இதெல்லாம் வெளங்குமா?"

"வெளங்கலன்னுதான் வந்திருக்கோம்."

லூர்து உட்கார்ந்தாள். கேசட்டின் ஆரம்பத்தில் வருகிற நலம் விசாரிப்பை மட்டும், சத்தத்தைக் குறைத்துப் போட வைத்தேன். இந்த முறை பொத்தானுக்குப் பக்கத்தில் நானே நின்றேன். குரல் கனமாக, தடிமனாக வந்தது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. செசிலி நெல் குதிருக்குள் நின்று பேசுவதுபோல இருந்தாலும், பெரிய இடத்துக் குதிர். லூர்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்தாள். "போர்வையப் போத்திகினு பேசுது" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பத்திரிகையைத் தட்டிக் காட்டி, "அஞ்சு நட்சத்திரம் மதாம்! பிரான்ஸ்ல பத்து பேர் குந்திக் கேட்டு எழுதினது!" என்றார்.

"அந்தப் பத்து பேருக்கும் காது நல்லா இருந்திருக்கும்" என்றாள் லூர்து, நான் அதை அவள் காதில் திருப்பிச் சொன்னதும். அவர் காபி கொடுக்காமலே அனுப்பினார். இரண்டாயிரத்துக்குக் குறைக்க மாட்டேன் என்றும் வாசல்வரை வந்து சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை.

திரும்ப வில்லியனூர், அங்கிருந்து பாகூர் பஸ். நல்ல உச்சி வெயில். டேப் ரிக்கார்டர் காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு கனத்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவள் காதில் விழவில்லையா, விழாததுபோல் இருந்தாளா, தெரியாது. ஏறிவிட்டாள். கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. டிரைவர் சாப்பிடப் போனார். அறுப்பு முடிந்த வயல்களில் அங்கங்கே மனைக்கல் நட்டிருந்தார்கள். கண்டக்டர் என் மடியைப் பார்த்து, "அதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"மடியில கீறதுக்கு எதுக்குயா லக்கேஜ்?"

"பாடுமா?"

"பாடாது. அதான் எங்க தலைவலி."

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அன்றைக்கு எங்களிடம் ஒழுங்காகப் பேசிய முதல் ஆள்.

பாகூர் கடைத்தெருவில் இஸ்மாயில் பாய் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் மரப்பெட்டி கிடையாது. எல்லாம் மண்பானை. பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து ஒட்டி, அடியில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்து, வெளியே பச்சை பெயின்ட் அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் டீக்கடை, சலூன் எல்லாவற்றிலும் இவர் பானைதான் பாடுகிறது. விஷயத்தைச் சொன்னேன். "அவ்ளோதானே" என்று ஒரு பானையை எடுத்து எங்கள் டேப் ரிக்கார்டரில் மாட்டினார். மூலக்குளத்தில் போர்வை என்றால் இது மெத்தை. லூர்து தலையை ஆட்டினாள், இல்லை என்று. பெரிய பானையை மாட்டினார். அதுவும் இல்லை.

"ஒயர் லூசா இருக்கும்மா, இருங்க" என்று ஸ்பீக்கரைப் பானையிலிருந்து பெயர்த்து எடுத்து, மேஜைமேல் ஒரு சாக்கில் வெறுமனே மல்லாக்க வைத்தார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. கனமெல்லாம் போய்க் குரல் ஒல்லியாகிவிட்டது. தகரத்தைச் சுரண்டுவதுபோல எனக்குப் பல் கூசியது. பாய் ஒயரை அழுத்திவிட்டுத் திரும்பப் பானைக்குள் வைக்கப் போனார்.

லூர்து அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருங்க பாய்."

குனிந்து வலது காதை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். செசிலி பேசிக்கொண்டிருந்தாள்: "...நீ என்ன சுமந்துகினு இருந்தப்ப மாங்கா தின்னியாம்மா? எனக்கு மாங்கா மாங்கான்னே இருக்குது."

"தின்னேன்டி" என்றாள் லூர்து, மேஜையைப் பார்த்து. "மாங்கா இல்ல. புளியங்கா. மாங்காக்கு அப்ப காலம் இல்ல." கேசட் நிற்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது. "இருடி, சொல்லிகினே இருக்கேன்ல" என்று அதை அதட்டினாள். கடைக்கு வந்த இருவர் வேடிக்கை பார்த்தார்கள். அவளே நிமிர்ந்து பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். "மீதிய வூட்ல கேட்டுக்கறேன். இது போதும். கட்டிக் குடுங்க."

பாய் மறுத்துவிட்டார். "பானை இல்லாம நான் குடுக்க மாட்டேம்மா. இது அரகுறை. அம்மணமா அனுப்புன மாதிரி. பாக்கறவன் இன்னா சொல்லுவான், இஸ்மாயில் ஏமாத்திட்டான்னு சொல்லுவான்."

"எங்களுக்கு இதாங்க வேணும்" என்றேன்.

"சத்தமே இல்லியே அண்ணே. நாலு அடிக்கு அந்தாண்ட ஒண்ணும் கேக்காதே!"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கருக்கு எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, பானையைச் சும்மாவே கொடுத்தார். பானை கடையைவிட்டு வெளியே போனால்தான் அவருக்கு மரியாதையாம். அதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் எவனோ அதில் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அவனோடு வில்லியனூர் வரை சண்டை. லூர்துவுக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்பீக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. அவள் முகம்கூடக் கழுவவில்லை. மேஜையில் பழைய புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் ஸ்பீக்கரை வைத்தாள். ஒயரை நான் மாட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரப் போனேன், பழக்க தோஷத்தில்.

"நீங்க வெளிய போங்க" என்றாள். "அவ எங்கிட்ட பேசறா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

வில்லியனூர் ஸ்பீக்கர் ஏரிக்கரை வரை கேட்கும். மூலக்குளம் ஸ்பீக்கருக்கு அஞ்சு நட்சத்திரம். பாகூர் பானை ஒரு சலூனையே நிரப்பும். எங்கள் ஸ்பீக்கர் எங்கள் வீட்டு வாசலுக்கே கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று நானே பார்த்துவிட்டேன். லூர்து என்னவோ கேட்டுச் சிரித்தது கேட்டது. எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. கால் கடுத்தது. படியில் உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆட்டைக் கட்ட வந்தவள் என்னைப் பார்த்தாள். "இன்னா மாமா, ஸ்பீக்கர் வாங்கப் போனீங்களாமே, வாங்கினீங்களா?"

"வாங்கியாச்சி. உள்ள ஓடிகினு கீது."

அவள் ஆட்டுக்கயிற்றோடு நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். "ஒண்ணுமே கேக்கலியே. நல்லா ஏமாத்திட்டானுங்க போல கீது மாமா."

"ஆமா" என்றேன்.