பச்சை ஒட்டவில்லை என்று சொன்னவள்

முனீஸ்வரி இராஜபாளையத்தில் ஒரு நாய், பூனை ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக உதவியாளர். அதற்கு முன்பு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிரளும் நாயை அவள் தோளோடு அணைத்துப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து, டாக்டர் வரதராஜ் ஒவ்வொரு வேலையாகப் பழக்கிவிட்டார்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது கண் சோதனை. ஆரஞ்சு நிறச் சாயத் தாளின் நுனியை நனைத்து, நாயின் கீழிமைக்குள் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு கண்ணைக் கழுவிவிட்டு நீல விளக்கை அடித்தால், கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கிற இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். “முனீஸ்வரி பாத்தா நான் பாத்த மாதிரி” என்று டாக்டர் ஒருமுறை யாரிடமோ சொன்னதை, அவள் தன் கணவன் பாண்டிச்செல்வத்திடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பாள்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவில்லிபுத்தூரிலிருந்து வெள்ளத்தாய் என்ற அம்மாள் சப்பை மூக்குள்ள ஒரு பக் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டாளத்தில் இருக்கும் மகன் ஐயாதுரை வாங்கிக் கொடுத்த நாய். பெயர் மேஜர். வலது கண் சிவந்திருக்கிறது, காற்றுக் காலத்தில் தூசி விழுந்திருக்கும் என்றாள்.

தட்டில் சாயத் தாள் தீர்ந்திருந்தது. புதுப் பெட்டி உள்ளறை அலமாரியில் இருந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கண்ணில் லேசான சிவப்புத்தான். அடுத்த அறையிலிருந்து டாக்டர் கேட்டார்: “சாயம் போட்டுப் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு சார். பச்சை ஒட்டலை.”

எப்படி அப்படி ஒரு வார்த்தை வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. புண் இல்லை என்ற நம்பிக்கையில், டாக்டர் சிவப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். கருவிழியில் புண் இருந்தால் அந்த மருந்தே புண்ணை அரித்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

ஒன்பதாவது நாள் வெள்ளத்தாய் அழுதுகொண்டே வந்தாள். மேஜரின் கண் பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தது. இந்தத் தடவை டாக்டரே சாயம் போட்டார். கருவிழி பாதிக்கு மேல் பச்சையாகிவிட்டது. நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

“மருந்து ஆரம்பிச்ச பொறவு நகம் கிகம் பட்டிருக்கும்மா. இனி கண்ணை எடுக்கத்தான் வேணும்” என்றார் டாக்டர்.

“நகம் இல்லைய்யா, என் கைதான். எனக்குக் கை நடுங்கும்லா? குப்பி முனை குத்திருச்சு. அன்னைக்கே கத்துச்சு, பாவி நான் கவனிக்கல” என்று வெள்ளத்தாய் தன் கையையே அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற முனீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. அறுவை சிகிச்சையிலும் அவள்தான் கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். முடிந்து வெளியே வந்ததும் வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்து, “நல்லா இருப்ப தாயி” என்றாள். அதற்குப் பிறகு யாராவது முனீஸ்வரியைப் பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல் பிரித்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரியைத் திறந்ததும் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் கேட்டார்:

“இதுக்கு முன்னால எத்தனை நாய்க்கு இப்படிச் சொன்ன?”

“இது ஒண்ணுதான் சார்.”

“நான் எப்படி நம்ப?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “அந்தம்மாகிட்ட நான் சொல்லவா, நீ சொல்லுதியா?” என்று கேட்டார். “நானே போறேன் சார்” என்றாள்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினாள். வெள்ளத்தாய் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி உட்காராமல் நின்றபடியே சொன்னாள். “பெரியம்மா, உங்க கை குத்தல. நான் அன்னைக்குச் சோதிக்கவே இல்ல. சோதிச்சேன்னு டாக்டர்கிட்டப் பொய் சொல்லிட்டேன். அதை நம்பி அவர் குடுத்த மருந்துதான் கண்ணை அழிச்சிருச்சு.”

வெள்ளத்தாய் கையிலிருந்த ஈரச்சேலையை அப்படியே வாளியில் போட்டாள்.

“நான் எம்மவன்கிட்ட என் கைதான்னு சொல்லிட்டேன் ஏட்டி. ‘ஒரு சொட்டு மருந்து ஒழுங்கா ஊத்தத் தெரியலையா’ன்னு கேட்டான். பத்து நாளா போன் போடல.”

உள்ளே போய் போனை எடுத்து வந்து, எண்ணை அழுத்தி முனீஸ்வரியிடம் நீட்டினாள். “என்கிட்டச் சொன்னதை அவன்கிட்டயும் சொல்லு.”

முகம் தெரியாத ஒருவனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் அவன், “அம்மாகிட்டக் குடுங்க” என்றான். வெள்ளத்தாய் போனோடு வீட்டுக்குள் போய்விட்டாள். “இல்லய்யா, நீ அழாத” என்ற குரல் மட்டும் வெளியே கேட்டது.

மேஜர் வந்து முனீஸ்வரியின் காலை மோந்தது. வலப்பக்கம் தெரியாமல் வாளியில் இடித்துக்கொண்டது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

வெள்ளத்தாய் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முனீஸ்வரியும் கேட்கவில்லை. அதன்பின் வெள்ளத்தாய் மேஜரை உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகிறாள்.

அன்று மாலை பாண்டிச்செல்வம், “யாருக்குமே தெரியாததை நீயா போய்ச் சொல்லணுமா?” என்றான்.

டாக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் கண் சோதனையை அவரே செய்கிறார். விளக்கைப் பிடிக்க மட்டும் அவளைக் கூப்பிடுகிறார். எட்டு மாதம் ஆகிவிட்டது. திரும்ப எப்போது தருவீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.