எக்ஸ்ரே படத்தில் வெட்டிய வெள்ளி

போர்க்காலத்தில், உருத்திரபுரத்தில் ஒரு கடைக்காரரின், இரும்புக் குண்டு ஓடும் பழைய பின்போல் விளையாட்டுப் பெட்டிக்குப் பெயின்ற் அடித்தேன். பக்கப் பலகையில் வெள்ளி, அதாவது நட்சத்திரம், பதிக்க அச்சு வேண்டும். மட்டை பெயின்றில் ஊறிவிடும் என்பதால் பழைய எக்ஸ்ரே படத்தில்தான் அச்சு வெட்டுவோம். கடை மேசையில் ஒன்று கிடந்தது. இருந்த அலுப்பில், யாருடையது என்று கேட்காமல் வெட்டினேன்.

உள்ளே தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஒரு பெண் பதறினார்.

“ஐயோ அண்ணை, அது இவரின்ர நெஞ்சுப் படம்! அதைக் காட்டித்தான் எல்லை தாண்டி வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக பாஸ் கேக்கவேணும்.”

வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

“விடப்பா. வெள்ளி வடிவாத்தானே வெட்டியிருக்கிறார். திரும்ப எடுப்பம்.”

பொருள் தடையால் இங்கே எக்ஸ்ரே பிலிம் இல்லாதது எங்கள் மூவருக்கும் தெரியும். வெட்டிய துண்டை டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன்.

பாஸ் கிடைத்ததா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அவர் அன்று சிரிக்காமல் ஏசியிருந்தால் போய்க் கேட்டிருப்பேன்.